தாலி கட்டும் நேரத்தில் நான் இறங்கிப் போனது ஏன்

மகளே,

நான் உனக்கு எழுதிய இரண்டு கடிதங்களும் உறை பிரிக்கப்படாமல் திரும்பி வந்துவிட்டன. அதனால் மூன்றாவதைப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இதழை நீ கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவாய் என்று எனக்குத் தெரியும். உன் கணவர் பாடம் சொல்லிக்கொடுக்கும் பள்ளியின் ஆசிரியர் அறைக்கும் இந்த இதழ் போகிறது. வீட்டுக்குள் பேச வேண்டியதை ஊர் படிக்கும்படி எழுதுகிறாரே என்று நீ கோபப்படலாம். படு. ஊர் பார்க்கத்தான் உன்னை அவமானப்படுத்தினேன். காரணத்தை மட்டும் காதோடு சொல்வது யோக்கியமில்லை.

நடந்தது இதுதான். மண்டபம் நிறைந்திருந்தது. உன் அம்மாவும் நானும் மேடையில் உனக்குப் பின்னால் நின்றோம். என் கையில் அட்சதை இருந்தது. மாப்பிள்ளை மஞ்சள் கயிற்றை எடுத்தார், கெட்டிமேளம் முழங்கியது, அவருடைய இரண்டு கைகளும் உன் கழுத்தைச் சுற்றிப் போயின. நான் மேடையை விட்டு இறங்கினேன். பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய், சிராங்கூன் சாலையில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அட்சதை கையிலேயே இருந்தது. மேளம் அடங்கிய பிறகுதான் திரும்பி வந்தேன். உன் பெரியப்பா கதவருகே நின்று, பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்: “எழுத்துல எல்லாரும் சமம்தான். பொண்ணக் கொடுக்கறப்பல்ல தெரியுது லா.” இரண்டு பேர் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. என்னைக் கண்டதும் சேலையைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, சுவரோடு ஒதுங்கி எனக்கு வழிவிட்டார். அந்த ஒதுங்கலைப் பழக்கிவிட்டவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். கப்பலில் ஏறும்போது பெட்டி படுக்கையோடு அதையும் கட்டி எடுத்து வந்தவர்கள்.

மறுவீட்டு விருந்துக்கு உன் அம்மா மூன்று நாள் முன்பே தேக்கா சந்தையில் சாமான் வாங்கினாள். நீங்கள் வரவில்லை. கீழ்த்தளத்து மளிகைக் கடைக்குத்தான் தொலைபேசி வந்தது. கடைக்காரர் காதர் பாய் மாடியேறி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “எங்களுக்குத் தனி டம்ளரா, வீட்டு டம்ளரான்னு அப்பாகிட்டக் கேட்டுச் சொல்லச் சொல்லுச்சு உங்க புள்ள. எனக்கு ஒண்ணும் புரியல அண்ணே. சொல்லச் சொல்லுச்சு, சொல்லிட்டேன்.” அவருக்கு நன்றாகவே புரிந்தது. உன் அம்மா அடுப்பை அணைத்தாள்.

சாதிக்காக நான் இறங்கவில்லை என்று உனக்கு நிரூபிக்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கயிறு கட்டுகிற ஒரு ஜோடிக் கைகளை என்னால் பார்க்க முடியவில்லை. ஏன் என்றால், ஒருமுறை அந்தக் கைகள் என்னுடையவை.

நான் பத்திரிகையில் கலைப் பகுதி எழுதிக்கொண்டிருந்தது உனக்கு அரைகுறையாக நினைவிருக்கும். ஐம்பதுகளின் தொடக்கம். துறைமுகத் தொழிலாளர்கள் போட்ட நாடகம், கடற்படைத் தளத்து இளைஞர்கள் போட்ட நாடகம், வியாபாரிகள் தங்கள் பெயரைப் பெரிதாகத் திரையில் எழுதிப் போட்ட நாடகம், மதராஸிலிருந்து வந்து இறங்கிய படங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எழுதுவேன். நான் எழுதியது விமர்சனம் அல்ல, வசவு. குறிப்பாக அழுகைக் காட்சிகள். ஒருவன் செத்தால் மேடையில் நான்கு பேர் மார்பில் அடித்துக்கொண்டு பாட்டுப் பாடுவார்கள். ‘இவர்கள் ஒரு சாவு வீட்டில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து நடிக்கட்டும்’ என்று எழுதினேன். கப்பல் பட்டறையில் பத்து மணி நேரம் வேலை செய்துவிட்டு வந்து வேஷம் கட்டிய ஒருவர் அலுவலகத்துக்கே வந்து, “அண்ணே, எங்களுக்கு அழத் தெரியாதுன்னு எழுதிட்டீங்களே. நாங்க அழுதா சூப்பர்வைசர் அடிப்பான்ணே” என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அப்போது எனக்கு முப்பது வயது. உண்மை என் சட்டைப்பையில் இருப்பதாக நினைப்பு.

கடைசியில் ஒரு ஜவுளி வியாபாரியின் நாடகத்தை நான் கிழித்த கிழியில் அவர் விளம்பரத்தை நிறுத்திவிட்டார். பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டு, “யோவ், விமர்சனம் எழுதச் சொன்னா வெட்டுக்கத்தியோட வர்றியே” என்றார். மன்னிப்பு எழுதச் சொன்னார். வேலையை விட்டேன். ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார ராணுவ எழுத்தரிடம் பழைய பதினாறு மில்லிமீட்டர் கேமரா ஒன்றை வாங்கினேன். சாவி கொடுத்தால் அரை நிமிடம்கூட ஓடாது, நின்றுவிடும். மறுபடி சாவி கொடுக்க வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைகளுக்கும், கூலித் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லைன்களுக்கும் போனேன். யாரும் என்னை அனுப்பவில்லை. யாரும் சம்பளம் தரவில்லை. உன் அம்மா தையல் தைத்து வீட்டை ஓட்டினாள். சுதந்திரமான படக்காரன் என்று என்னைப் பற்றிப் பிறகு எழுதினார்கள். அந்தச் சுதந்திரத்துக்கு இரவும் பகலும் மிதிபட்டது உன் அம்மாவின் தையல் மெஷின்.

அந்தச் சமயத்தில்தான் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த ஒருவர் மண் சரிந்து இறந்தார். முட்டுப் பலகை வைக்காமல் ஆளை இறக்கியிருந்தார்கள். குத்தகைக்காரர், அவர் என் ஆள் இல்லை என்றார். வேலை கொடுத்தவர்கள், அவர் குத்தகைக்காரரின் ஆள் என்றார்கள். யாருடைய ஆளும் இல்லாத ஒருவர் எப்படிச் சாக முடியும்? மனைவிக்கு இழப்பீடு இல்லை. லைனில் அவர்கள் இருந்த அறையையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவர் பெயரை நான் எழுத மாட்டேன். அந்த அம்மா என்றே சொல்கிறேன். அப்போது அவருக்கு உன் இப்போதைய வயதைவிட இரண்டு மூன்று கூட இருக்கலாம்.

நான் அங்கே போய் உட்கார்ந்தேன். பள்ளத்தை எடுத்தேன், அறையை எடுத்தேன், அறிவிப்புக் காகிதத்தை எடுத்தேன். பதினாறாம் நாள் விடிவதற்கு முன் தாலி கழற்றும் சடங்கு. அதை எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். இதைப் பெரிய மனிதர்களுக்குப் போட்டுக் காட்டினால் அறையைப் பிடுங்க வெட்கப்படுவார்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அதை நானே நம்பவும் செய்தேன். சுமங்கலிகள்கூட அந்தச் சடங்கைப் பார்க்க மாட்டார்கள். ஆண்கள் கிட்டப் போகவே கூடாது. எனக்கு அதெல்லாம் மூடப்பழக்கம். ஜன்னலுக்கு வெளியே நின்று, ஒரு மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் எடுத்தேன். ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்த மலாய் நண்பர் ஒருவர், கைவேலை ஒழிந்த நேரத்தில் என் ரோல்களைக் கழுவிக் கொடுப்பார். ஒரு மாதம் கழித்துத்தான் கொடுத்தார். “கெலாப், கெலாப்” என்றார் கையை விரித்து. இருட்டு. அந்த ரோல் முழுக்க இருட்டு.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்று எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். நான் செய்தது வேறு. பூசைச் சாமான் கடையில் ஒரு மஞ்சள் கயிறும் ஒரு விரலி மஞ்சளும் வாங்கிக்கொண்டு லைனுக்குப் போனேன். மாலையில் கால் மணி நேரம் அந்த அறைக்குள் வெயில் வரும். அதற்குள் எடுத்தாக வேண்டும். நடந்ததை இன்னொரு முறை நடத்திக் காட்டச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், “அதெப்படிங்க? கழட்டினத நானே எடுத்து மாட்டிக்கிறதா?” என்றார்.

“இது தாலி இல்லம்மா. வெறும் கயிறு. கடையில வாங்கினது.”

“கயிறுதான்னா, இது இல்லாம நீங்க படம் எடுக்க வேண்டியதுதானே?”

பத்து வருடமாக அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தாலியும் ஒரு கயிறுதான் என்று மேடைகளில் கைதட்டல் வாங்கியவன் நான். ஆனால் அது வெறும் கயிறு இல்லை என்பதால்தான், பார்ப்பவர்கள் கலங்குவார்கள் என்பதால்தான், எனக்கு அந்தக் காட்சி தேவைப்பட்டது. எனக்கு அது கயிறாக இருக்க வேண்டும், திரையில் தாலியாக இருக்க வேண்டும். அந்த அம்மாவிடம் நான் சொன்ன பதில், “வெளிச்சம் போகுதும்மா” என்பதுதான்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் யாரும் கட்டிவிட வரவில்லை. கணவனை இழந்தவளுக்கு எந்தப் பெண் கட்டிவிடுவாள்? வெயில் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. நான் கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டு, அந்த அம்மாவுக்குப் பின்னால் போய், கயிற்றைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டேன். வாசலில் நான்கைந்து ஆண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு வேகமாக வந்து சாவியை முறுக்கி, கண்ணைக் கேமராவில் வைத்தேன். அந்த அம்மா தானே கயிற்றைக் கழற்றினார். அப்போது அவர் முகத்தில் என்ன இருந்தது என்பதை நான் எழுத மாட்டேன். அது ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

விளக்கு வைப்பதற்குள் லைன் முழுக்கச் சேதி பரவிவிட்டது: படக்காரன் அவளுக்குத் தாலி கட்டிவிட்டான். யாரிடமும் இது படத்துக்கு என்று விளக்க முடியாது. கட்டினானா இல்லையா? கட்டினான். அவ்வளவுதான். இறந்தவரின் அண்ணன், “புதுப் புருசன்கிட்டயே போயிக்க” என்று மூட்டையை வெளியே வைத்தார். அறையைக் காலி செய்ய வேறு யாரும் வர வேண்டியிருக்கவில்லை. என் படத்தால் காப்பாற்றப்பட வேண்டிய அறை, என் படத்தாலேயே போயிற்று.

நம் வீட்டுக்கு ஒரு அத்தை வந்து பதினோரு நாள் தங்கினாரே, நினைவிருக்கிறதா? உனக்குப் பத்து வயது. உன் பாயில்தான் அவருக்கும் இடம். மூட்டையோடு வந்து நின்ற அந்த அம்மாவைக் கண்டதும் நான் வாசலிலேயே ஏதோ சாக்குச் சொல்லத் தொடங்கினேன். உன் அம்மா என்னைத் தள்ளிவிட்டு அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். அன்றைக்கு என்னிடம் ஒரே வார்த்தைதான் கேட்டாள்: “புருசன் கட்டினா தாலி, நீங்க கட்டினா கயிறா? கழுத்து ஒண்ணுதானே?” அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் அதைப் பற்றி அவள் பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்போது நான் படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். அதற்கென்று தனி அறை எங்கே இருந்தது? சமையலறையில் துணிக்கொடி கட்டி, ஃபிலிம் துண்டுகளைக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருந்தேன். அந்த அம்மா படுத்த இடத்துக்கு மேலே, அவருடைய முகம் துண்டு துண்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நான் கவனிக்கவே இல்லை. எனக்கு அது ‘காட்சி’. ஒரு நாள் நீ ஒரு துண்டைப் பிடித்து விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு, “அப்பா, இது நம்ம அத்தைதானே?” என்று கேட்டாய். “இல்ல, வேற யாரோ” என்றேன். அந்த அம்மா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் நாள் காலையில் அவர் இல்லை. ஜொகூரில் தோட்டத்து வேலைக்குப் போயிருப்பார் என்று யாரோ சொன்னார்கள். நான் தேடவில்லை. படம் முடிய வேண்டியிருந்தது.

படம் வந்தது. தொழிற்சங்கக் கூடத்தில் போட்டோம். நான் ஒரு காலத்தில் திட்டிய நாடகக்காரர்கள்கூட வந்து, அந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். ஓர் ஆங்கிலப் பத்திரிகையில், இந்தத் தீவில் இவ்வளவு உண்மையாக ஒரு காட்சி எடுக்கப்பட்டதில்லை என்று எழுதினார்கள். அதை நான் கத்தரித்து வைத்துக்கொண்டேன். அந்தப் பெயரை வைத்து மேலும் நான்கு படங்கள் எடுத்தேன். ஒவ்வொன்றிலும் யாரையாவது ‘இன்னொரு முறை’ செய்யச் சொன்னேன். சாவி கொடுக்கும்போதெல்லாம் அந்தக் கழுத்து என் விரல் நுனியில் வந்து நின்றது. வியர்வையில் ஈரமாக, மெலிந்து, பின்னால் ஒரு சின்ன மச்சத்தோடு. அப்பாவுக்குக் காலில் போடும் சப்பாத்துக்கு நாடா கட்டத் தெரியாது என்று நீயும் உன் சிநேகிதிகளும் கேலி செய்வீர்களே, எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு கைகளும் ஒரு முடிச்சுக்காகச் சேரும்போது விரல் மரத்துவிடும். அதற்கடுத்த படம் பாதியில் நின்றது. கேட்டவர்களிடம் ஃபிலிம் விலை ஏறிவிட்டது என்றேன்.

உன் கல்யாணம் முடிந்த அடுத்த வாரம்தான் அந்த அம்மாவைத் தேடத் தொடங்கினேன். பத்து வருடம் தேடாதவனுக்கு எட்டே நாளில் விலாசம் கிடைத்தது. ஜொகூருக்கெல்லாம் போகவில்லை. குவீன்ஸ்டவுனில் ஓர் அறை வீடு, அலுவலகங்களில் துப்புரவு வேலை. கதவைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தார்.

“படக்காரரா? உள்ள வாங்க. செருப்பையும் கையில எடுத்துக்குங்க. வெளிய விட்டா காணாமப் போயிரும்.”

உட்கார்ந்தேன்.

“மன்னிப்புக் கேக்கவா வந்தீங்க? ரொம்ப லேட்டு லா.” கோபமாகச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்வதைப் போலச் சொன்னார். பிறகு, “அந்தப் படத்துல அவர் முகம் இருக்கா?” என்று கேட்டார்.

“இல்லம்மா. அவர் போனப்புறம்தானே நான் வந்தேன்.”

“அப்ப அது இருந்தா என்ன, எரிஞ்சா என்ன.”

நான் உன் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னேன். மேடையை விட்டு இறங்கியதையும், அது சாதிக்காக என்று நீயும் மாப்பிள்ளையும் தவறாக நினைத்துக்கொண்டதையும் சொன்னேன். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவரிடம் முன்கூட்டிக் கேட்டேன். “எழுதுங்க. பேரு போடாதீங்க. நீங்க செஞ்சத எழுதுங்க. நான் அழுதத எழுதாதீங்க. அத ஒருவாட்டி வித்தாச்சு.” அதனால்தான் மேலே அந்த இடத்தில் நிறுத்தினேன்.

எழுந்திருக்கும்போதுதான் கேட்டார்: “தவறா நெனச்சிட்டாங்கன்னு சொன்னீங்களே. எது தவறு?”

“சாதின்னு நெனச்சது.”

“உங்க வீட்டுப் பொம்பள யாராவது தாலியறுத்து நின்னிருந்தா, கயித்த எடுத்துக்கிட்டு அங்க போயிருப்பீங்களா?”

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சாவியை எடுத்தார்.

மகளே, அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அதே வருடம்தான் ரேஸ்கோர்ஸ் சாலையில் இருந்த என் அக்காவின் கணவர் காய்ச்சலில் இறந்தார். உன் பெரிய அத்தை. அக்காவுக்கும் பதினாறாம் நாள் வந்தது, அதே விடியற்காலை, அதே சடங்கு. கேமரா என் தோள் பையில்தான் இருந்தது. அப்போது அதை நான் எங்கே போனாலும் கூடவே எடுத்துக்கொண்டு போவேன். உண்மையான துக்கத்தைத் தேடி ஊரெல்லாம் அலைந்தவனுக்கு, அன்று பையைத் திறக்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. அதுமட்டுமில்லை. அந்த வீட்டு வாசலில் நான் குறுக்கே நின்றேன். ஆம்பளைகள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது என்று விரட்டிக்கொண்டிருந்தேன். மூடப்பழக்கம் என்று எனக்கு அங்கே படவில்லை. என் அக்காவின் கழுத்து அது.

லைனில் இருந்த கழுத்து வேறு, மாப்பிள்ளையின் சாதியில் பிறந்த கழுத்து. அங்கே ஜன்னலில் நிற்கலாம், கதவைத் திறக்கச் சொல்லலாம், கயிறு வாங்கிக்கொண்டு போகலாம், பின்னால் நின்று கட்டலாம். அவர்களுக்காகத்தான் படம் எடுக்கிறேன் என்ற எண்ணமே எனக்கு எல்லாக் கதவையும் திறந்துவிட்டது. என் ஆட்கள் வீட்டில் கைவைக்கத் துணியாத இடத்தில், மாப்பிள்ளையின் ஆட்கள் வீட்டில் கூச்சமில்லாமல் கைவைத்தேன். அதற்கு என்ன பெயர் என்று எனக்கு எவரும் அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. நீ அந்தப் பையனைப் பற்றி முதலில் சொன்ன அன்று, அவன் என்ன படித்திருக்கிறான் என்று கேட்பதற்கு முன், “யாரு ஆளுங்க?” என்று கேட்டவனும் நான்தான். நீ அதை மறந்திருக்க மாட்டாய்.

நீ வானொலிக்காக ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு தீப்பிடித்த கம்பத்துக் குடிசைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் போகிறாய். ‘சரியாகப் பதிவாகவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்’ என்று யாரிடமாவது கேட்க வாய் வரும். அந்த நேரத்தில் உன் அம்மாவிடம் இதைக் கேட்பாயா என்று பார். கேட்க மாட்டாய் என்றால், கருவியை மூடி வைத்துவிட்டு வந்துவிடு. ஒலிபரப்பில் இரண்டு நிமிடம் வேறு ஏதாவது போகட்டும். ஒன்றும் குறைந்துவிடாது.

இதைச் சாதிக்காக இல்லை என்று நிரூபிக்கத் தொடங்கினேன். எழுதி எழுதி வந்து சேர்ந்த இடம் இது. அன்று என்னை மேடையிலிருந்து இறக்கியது பயமும் வெட்கமும்தான். ஆனால் அந்தப் பயத்துக்கும் வெட்கத்துக்கும் அடியில் இருப்பது, உன் கணவர் சந்தேகப்பட்டதுதான். அவர் சந்தேகப்பட்டது சரி என்று அவரிடம் சொல். அவருடைய அம்மாவிடமும் சொல். தோ பாயோவில் உங்கள் வீட்டுக் கதவு எனக்குத் திறக்குமா என்பதை அவர்கள் இருவரும் முடிவு செய்யட்டும். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். உன் அம்மாவை இதில் சேர்க்காதே. அவளுக்கு எந்தக் கதவும் மூடியிருக்கக் கூடாது.

நீ எனக்காகப் பரிந்து பேசாதே.

அப்பா